பெங்களூருவில் திறந்தவெளி இசை நிகழ்ச்சி: பத்து மணியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் ரசிகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் திறந்தவெளி இசை நிகழ்ச்சி என்றால் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடங்களில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. கோயில் கொடையில் விடிய விடிய இன்னிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். ஆனால் இந்த நகரத்துக் காவல் துறை பாடகரின் புகழைப் பார்த்து விதியைத் தளர்த்துவதில்லை. 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் சர்ச் ஸ்ட்ரீட் நடைபாதையில் நின்று பாடியபோது, அனுமதி இல்லை என்று கூறி ஒரு காவலர் ஒயரைப் பிடுங்கிய காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

இந்தப் பத்து மணியை மனத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கித் திட்டமிட்டால், அந்த மாலைப் பொழுதின் மற்ற முடிவுகள் பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடும். நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கினால் தாமதமாக முடியாது. பட்டியலில் இருக்கும் பாட்டுகள்தான் குறையும். அதனால் ஆறு மணி நிகழ்ச்சிக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேருபவர் பாதியை இழக்கிறார். பத்து மணிக்கு மேல் எப்படி வீடு திரும்புவது என்று யோசிக்காமல் போனவரோ கடைசி அரை மணி நேரத்தைக் கைப்பேசியில் வாடகைக் கார் தேடியே கழிக்கிறார்.

முதல் படி: திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் எந்த மைதானம் என்பதைப் பொறுத்தே இரவின் சிரமம் அமைகிறது. இங்கே பெரிய நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் பயன்படுபவை இரண்டு இடங்கள். ஒன்று நகரின் நடுவே உள்ள அரண்மனை மைதானம். மற்றொன்று துமகூரு சாலையில் மாதாவரத்துக்கு அருகே உள்ள நைஸ் மைதானம்.

மாதாவரம் தொலைவு என்றாலும் திரும்பி வர எளிது. 2024 நவம்பரில் பச்சை வழித்தட மெட்ரோ நாகசந்திராவிலிருந்து மாதாவரம் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு, தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராமபுரத்திலிருந்து வண்டி மாறாமலே அங்கே போய்விடலாம். அல்சூர்க்காரர்கள் ஊதா வழித்தடத்தில் மெஜஸ்டிக் வந்து பச்சைக்கு மாற வேண்டும். மெஜஸ்டிக்கிலிருந்து மாதாவரத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கமிருந்து வருபவர்களுக்கு 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் வழித்தடம் பெரிய உதவி: பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறினால் நேரே மாதாவரம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் இந்தப் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நிலையத்திலிருந்து நுழைவாயில் வரை நடையும் உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண நாட்களில் மெட்ரோவின் கடைசி ரயில் இரவு 11 மணியை ஒட்டிப் புறப்படும். பத்து மணிக்கு முடியும் நிகழ்ச்சியிலிருந்து பல்லாயிரம் பேர் ஒரே நிலையத்தை நோக்கி நடக்கும்போது, அந்த ஒரு மணி நேரம் நினைப்பதைவிட விரைவாகக் கரைந்துவிடும். உங்கள் நிலையத்தில் கடைசி ரயில் எப்போது என்பதோடு, மாற வேண்டிய நிலையத்தில் அடுத்த வழித்தடத்தின் கடைசி ரயில் எப்போது என்பதையும் பார்த்து வையுங்கள். பச்சை ரயில் கிடைத்தும் ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் ரயில் போய்விட்டிருந்தால் அங்கிருந்து ஆட்டோதான். பெரிய நிகழ்ச்சி நாட்களில் மெட்ரோ நிர்வாகம் சேவை நேரத்தை நீட்டிப்பதுண்டு. அந்த அறிவிப்பு ஓரிரு நாள் முன்புதான் வரும். திரும்பும் பயணத்துக்கான கியூஆர் டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலோ செயலியிலோ முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அட்டையில் பணம் ஏற்றி வையுங்கள். பத்தே கால் மணிக்கு டோக்கன் வரிசையில் நிற்பதைப் போன்ற வீண் வேலை வேறில்லை.

அரண்மனை மைதானம் இதற்கு நேர்மாறானது. நகருக்குள்ளேயே இருந்தாலும் இப்போதைக்கு நடக்கும் தூரத்தில் மெட்ரோ இல்லை. கண்டோன்மென்ட் ரயில் நிலையமும் சம்பிகே ரோடு மெட்ரோ நிலையமும் சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கின்றன. ஒரு பக்கம் விமான நிலையம் போகும் பல்லாரி சாலை, மறுபக்கம் ஜயமஹால் சாலை. 400 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் பல வாயில்கள் இருப்பதால், டிக்கெட்டில் குறிப்பிட்ட வாயிலுக்குப் பதிலாக வேறு வாயிலில் இறங்கிவிட்டால் மதிலைச் சுற்றி நீண்ட நடை நடக்க வேண்டியிருக்கும். ஓட்டுநரிடம் ‘பேலஸ் கிரவுண்ட்ஸ்’ என்று மட்டும் சொல்லாமல் வாயிலின் பெயரைச் சொல்லுங்கள். 2003இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிக்கா என்று பெரிய குழுக்களை வரவேற்ற மைதானம்தான் இது. ஆனாலும் நிகழ்ச்சி முடிந்த இரவில் பக்கத்துச் சந்திப்பான மேக்ரி சர்க்கிள் எப்படி இருக்கும் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் நம்புவீர்கள்.

சொந்தக் காரில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாகன நிறுத்தத்திலிருந்து வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகலாம். வயதான பெற்றோர் உடன் வருகிறார்கள் என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் வண்டியைச் சாலையை நோக்கித் திருப்பி நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: டிக்கெட்

வெள்ளி, தங்கம், பிளாட்டினம், ஃபேன் பிட் என்று பெயர்கள் எதுவாக இருந்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: நிற்க வேண்டுமா அல்லது உட்கார இருக்கை உண்டா; எந்த வாயில்; வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா. மூன்றாவதற்குப் பதில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே இருக்கும். இளையராஜா போன்றவர்களின் நிகழ்ச்சிக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகும் பிள்ளைகள் இங்கே நிறைய; அவர்களுக்கு மேடைக்கு அருகே நிற்கும் பகுதியைவிடச் சற்றுப் பின்னால் எண் குறித்த இருக்கையே மேல். எண் குறிக்காத இருக்கை என்றால் முதலில் வருபவருக்கே முதலிடம் என்று பொருள். அந்த வேறுபாடு டிக்கெட் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும்.

விலையைப் பார்க்கும்போது அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். விற்பனை கட்டம் கட்டமாகத் திறப்பதால், அதே பகுதியின் விலை பிற்பாடு கூடுவது வழக்கம். நிகழ்ச்சி ரத்தானால் பணம் திரும்பும். நீங்கள் போக முடியாமல் போனால் பெரும்பாலும் திரும்பாது.

முன்பின் தெரியாதவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள். ஒரே கியூஆர் குறியீட்டின் படத்தை ஐந்து பேருக்கு விற்க முடியும். வாயிலில் முதலில் காட்டுபவர் உள்ளே போவார், மற்ற நால்வரிடமும் கருவி ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று சொல்லும். நண்பரின் டிக்கெட்டைப் பெறுவதானால், செயலியிலேயே பெயர் மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் டிக்கெட்டின் படத்தைப் பெருமைக்காகச் சமூக வலைத்தளத்தில் போடுவதும் அதே ஆபத்தைத்தான் அழைத்து வரும்.

மூன்றாம் படி: உடுப்பும் பையும்

சுருக்கமாகச் சொல்கிறேன். காலை மூடும், ஏற்கெனவே பழகிய காலணி அணியுங்கள். கூட்டத்தில் செருப்பு அறுந்தால் குனிந்து எடுக்க வழியிருக்காது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 16 பாகையை ஒட்டி இறங்கும், எனவே மேலங்கி தேவை. மே மாத மாலைகளில் இடியோடு திடீர் மழை வரும். செப்டம்பர், அக்டோபரில் மழை இன்னும் மிகுதி. குடையை உள்ளே விடமாட்டார்கள், மடித்து வைக்கும் மழையங்கியை விடுவார்கள். மின்னல் வெட்டத் தொடங்கினால் மரத்தடியிலும் இரும்புக் கோபுரங்களின் அருகிலும் நிற்காதீர்கள். பெரிய பை, தண்ணீர் பாட்டில், வாசனைத் தெளிப்பான் ஆகியவை வாயிலிலேயே பறிபோகும்; பவர் பேங்க் சில நிகழ்ச்சிகளில் அனுமதி, சிலவற்றில் இல்லை. மாத்திரை கொண்டுவருபவர்கள் மருத்துவர் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பல்லாயிரம் கைப்பேசிகள் ஒரே கோபுரத்தோடு பேச முயல்வதால் இணையம் படுத்துவிடும். டிக்கெட்டை முன்பே இறக்கி வையுங்கள். யூபிஐ ஓடாமல் போனால் பயன்படச் சில நூறு ரூபாய் நோட்டாக இருக்கட்டும். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை உள்ளே நுழைந்தவுடன் பேசி முடிவு செய்யுங்கள். மேடையை அடையாளமாகச் சொல்லாதீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

நான்காம் படி: வாயிலில்

வீட்டிலிருந்தே சாப்பிட்டுவிட்டு, கதவு திறந்து ஒரு மணி நேரத்துக்குள் வாயிலில் இருங்கள். 2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சியில், டிக்கெட் வைத்திருந்தும் பலர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியதும், பிறகு டிக்கெட்டின் படியை அனுப்புமாறு ரகுமானே கேட்டுக்கொண்டதும் நினைவிருக்கும். அங்கே பிழை ரசிகர்களுடையது அல்ல. ஆயினும் முன்னதாக வருபவருக்குத்தான், ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் திரும்பிப் போக இடமும் நேரமும் இருக்கும்.

நெரிசல் பற்றி நான் மென்மையாகப் பேசப் போவதில்லை. 2025 ஜூன் 4 அன்று இதே நகரத்தில் சின்னசாமி மைதானத்தின் வெளியே 11 பேர் இறந்தார்கள். இத்தகைய இடங்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் நின்றபடியே மூச்சுத் திணறி இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேர் என்ற அளவைத் தாண்டினால் கூட்டம் தனி மனிதர்களின் கட்டுப்பாட்டில் இல்லை. ஒருவர் தள்ளுவது அலையாகப் பல வரிசைக்குப் பரவுகிறது. தோள்கள் இரு பக்கமும் மற்றவர் மீது படுகின்றன, கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்று தோன்றும் கணத்திலேயே வெளியேறத் தொடங்குங்கள். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது பின்வாங்கும் இடைவெளியில் பக்கவாட்டில், மூலைவிட்டமாக நகருங்கள். இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் குத்துச்சண்டைக்காரரைப் போல மடித்து வைத்தால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். கீழே விழுந்த பொருளுக்காகக் குனியாதீர்கள். சுவரும் இரும்புத் தடுப்பும் இருக்கும் பக்கத்தைத் தவிருங்கள்.

ஐந்தாம் படி: எங்கே நிற்பது

பலர் இதை டிக்கெட் விலையோடு குழப்பிக்கொள்கிறார்கள். மேடைக்கு ஒட்டிய இடத்தில் பாடகரின் வியர்வைத் துளி வரை தெரியும். ஒலி மட்டும் அங்கே சுமார்தான். இரு பக்கமும் உயரத்தில் தொங்கும் பிரதான ஸ்பீக்கர்கள் முன்வரிசையின் தலைக்கு மேலாகப் பின்னால் இருப்பவர்களை நோக்கித் திருப்பப்பட்டவை. முன்னால் நிற்பவருக்குத் தரையில் அடுக்கியிருக்கும், தாழ்ந்த ஒலி தரும் பேஸ் பெட்டிகளின் அதிர்வே மார்பில் அடிக்கும். குரலும் வயலினும் மங்கும். அதற்காக முன்னே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. முகம் பார்க்கப் போகிறோமா, பாட்டுக் கேட்கப் போகிறோமா என்பதை முடிவு செய்துகொண்டு போகச் சொல்கிறேன்.

பாட்டுக் கேட்கப் போகிறவருக்கு மைதானத்தின் மிகச் சிறந்த இடம் ஒலிப் பொறியாளரின் கூடாரத்துக்குச் சற்று முன்னால் அல்லது பக்கத்தில். மேடைக்கு நேர் எதிரே கூட்டத்தின் நடுவில் ஒரு சிறிய மேடை போட்டு, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் தம் காதில் விழுவதைக் கொண்டுதான் குரலையும் தபலாவையும் கிட்டாரையும் சரிசெய்கிறார். ஆகவே அவர் கேட்பதைத்தான் நீங்களும் கேட்பீர்கள். இரண்டு ஸ்பீக்கர் வரிசைகளுக்கும் சம தூரத்தில் இருப்பதால் இடது வலது ஒலி பிசகாது. கூடாரத்தைச் சுற்றியுள்ள தடுப்பில் சாய்ந்துகொள்ளலாம் என்பது மூன்று மணி நேரம் நிற்பவருக்குச் சிறிய சலுகையல்ல.

பின்வரிசை டிக்கெட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் பயணிக்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாடகரின் குரல் நொடியில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு தாமதமாக வந்து சேர்கிறது. திரையில் உதடு முந்தி, பாட்டு பிந்துவது இதனால்தான். இதற்காகப் பெரிய மைதானங்களில் நடுவழியில் கூடுதல் ஸ்பீக்கர் கோபுரங்களை நிறுத்தி, மேடை ஒலி வந்து சேரும் கணத்தோடு ஒத்துப்போகும்படி அவற்றின் ஒலியை மின்னணு முறையில் தாமதப்படுத்துகிறார்கள். அத்தகைய கோபுரத்துக்குப் பின்புறம் நிற்காமல், அது நோக்கும் திசையில் சற்றுத் தள்ளி நின்றால் கடைசி வரிசையிலும் சொற்கள் தெளிவாகக் கேட்கும்.

இரவில் தரை குளிர்ந்து மேலே உள்ள காற்று வெப்பமாக இருந்தால், ஒலி வானை நோக்கிப் போகாமல் வளைந்து மீண்டும் கீழே இறங்கும். மாலையில் கேட்காத பேஸ் இரவு ஒன்பது மணிக்குச் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டு ஜன்னலை அதிரவைப்பதும், அந்த வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்கு அழைப்பதும், பத்து மணி விதி இவ்வளவு கண்டிப்பாக இருப்பதும் இதனால் நமக்குப் புரியும்.

ஆறாம் படி: காதுக்குப் பாதுகாப்பு

ஒலிக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை, இசை அரங்குகளில் 15 நிமிட சராசரி ஒலி அளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த அளவே சிறிதல்ல: 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று பணியிடக் கணக்கு வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது; 100 டெசிபலில் அது கால் மணி நேரம்தான். நிகழ்ச்சியோ மூன்று மணி நேரம்.

மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும். விரல்களுக்கிடையே மெல்லிதாக உருட்டி, மறு கையால் காதின் மேற்பகுதியைப் பின்னோக்கி மேலே இழுத்து, உள்ளே செருகி, விரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். பாட்டின் நயம் குறையுமோ என்ற தயக்கம் இருப்பவர்கள் இசைக் கலைஞர்களுக்கான அடைப்பான்களைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம். அவை எல்லாச் சுருதியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பவை. குழந்தைகளுக்குத் தலையைச் சுற்றி அணியும் காது மூடி அவசியம். அது இல்லாமல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கருக்கு அருகில் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஏழாம் படி: பாட்டு நடக்கும் நேரம்

தமிழ்த் திரையிசை நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் குழுப் பாடகர்கள் தொடங்கி வைப்பார்கள், பிரதானப் பாடகர் ஏழு மணியை ஒட்டி வருவார், நடுவே மெல்லிசை, ஒன்பதரைக்கு மேல் குத்துப் பாட்டுகள். ஆகையால் கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் ஏற்ற நேரம் அறிமுகப் பேச்சுகளும் விளம்பரதாரர் நன்றியுரையும் நடக்கும் நேரமே. ஒன்பதரைக்கு மேல் நகராதீர்கள்.

ஒன்றைக் கன்னட மண்ணில் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பாட வரும் எந்தத் தமிழ்ப் பாடகரும் சில கன்னடப் பாட்டுகளையும் பாடுவார், பாடவும் வேண்டும். அந்த நேரத்தில் ‘தமிழ், தமிழ்’ என்று கூச்சலிடுவது அவரையும் உங்களையும் சிறுமைப்படுத்தும். பி.பி. ஸ்ரீனிவாஸ் கன்னட நடிகர் ராஜ்குமாருக்காகப் பாடியதையும், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைக் கன்னடர்கள் தம் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடியதையும், 1980களில் இளையராஜா கன்னடத்தில் அமைத்த மெட்டுகளையும் அறிந்த ரசிகருக்கு அந்தப் பாட்டுகள் கூடுதல் விருந்து. பக்கத்தில் நிற்கும் கன்னடக்காரர் தமிழ்ப் பாட்டுக்கு வரி தவறாமல் பாடுவதை நீங்களே பார்க்கலாம்.

கைப்பேசியில் ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள், அதோடு பையில் போடுங்கள். அந்த ஒலி அளவில் கைப்பேசியின் ஒலிவாங்கி திணறுவதால் பதிவில் இரைச்சலே மிஞ்சும். தலைக்கு மேல் தூக்கிய திரை பின்னால் நிற்கும் குள்ளமானவரின் மேடையை முழுவதுமாக மறைக்கும். திரும்பும் வழிக்குத் தேவையான மின்னூட்டமும் தீர்ந்துபோகும்.

எட்டாம் படி: வெளியே வருதல்

இரண்டு வழிகள் உண்டு. மாதாவரத்திலிருந்து கடைசி இணைப்பு ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள், கடைசிப் பாட்டு தொடங்கியதும் பின்வரிசைக்கு நகர்ந்து, அதைக் கேட்டபடியே வாயிலை நோக்கி நடப்பதே அறிவு. அந்த நெருக்கடி இல்லாதவர்கள் எதிர்மாறாகச் செய்ய வேண்டும்: முடிந்தவுடன் ஓடாமல், உணவுக் கடைகளின் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கூட்டம் வடிந்த பிறகு கிளம்புங்கள். வாயிலிலேயே நின்று கார் பதிவு செய்தால் கட்டணம் உச்சத்தில் இருக்கும், ஓட்டுநராலும் உங்களை நெருங்க முடியாது. விளக்கு வெளிச்சமுள்ள பெரிய சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்து சென்று நம்ம யாத்ரி போன்ற செயலியில் ஆட்டோ பிடியுங்கள். தனியே வந்த பெண்கள் அந்த நடையை ஒரு குழுவோடு சேர்ந்து செய்வதும், பயண விவரத்தை வீட்டாரோடு பகிர்வதும் நல்லது. துமகூரு சாலையில் அந்நேரம் லாரிகள் வேகமாக வருவதால், நடைமேம்பாலத்தைத் தவிர வேறெங்கும் குறுக்கே கடக்க வேண்டாம். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் போக வேண்டியவர்கள் சில்க் போர்டு அல்லது மடிவாளா வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கி, நள்ளிரவுக்கு மேல் புறப்படும் பேருந்திலேயே இருக்கை பதிவு செய்யுங்கள்.

படுக்கும்போது காதில் மெல்லிய ரீங்காரம் கேட்டால் மறுநாள் முழுவதும் இயர்போன் எதுவும் போடாமல் ஓய்வு கொடுங்கள். ஓரிரு நாளுக்கு மேலும் அது நின்றபாடில்லை, அல்லது ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்ததாகத் தோன்றுகிறது என்றால், தானே சரியாகும் என்று காத்திராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.